85 ரூபாயிலிருந்து தொடங்குங்கள்: பிரிவின் கோபத்தை நகைச்சுவையாக எழுத ஒரு வழிகாட்டி

நான்கு வருடப் பழக்கத்தை "நமக்குள்ள செட் ஆகாதுப்பா" என்ற ஒரே வரியில் முடித்துவிட்டு எழுந்து போனவன், அரை மணி நேரத்தில் எனக்கு ஜிபேயில் ஒரு கோரிக்கை அனுப்பினான். அன்று இருவரும் சாப்பிட்டதில் என் பங்கு, 85 ரூபாய். பேருந்தில் நின்றபடியே அனுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

மறுநாளிலிருந்து எழுதினேன். இரண்டு நோட்டு நிறைந்தது. துரோகம், ஏமாற்றம், நம்பிக்கை, நரகம் என்று பக்கத்துக்குப் பக்கம் பெரிய சொற்களாக இருந்தன. அந்த 85 ரூபாய் மட்டும் எங்கேயும் இல்லை. எழுதுமளவுக்கு அது பெரிய விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. பல மாதங்கள் கழித்து ஒரு தோழியிடம் பேச்சோடு பேச்சாக அதைச் சொன்னபோது அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரிப்பைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்தது. அத்தனை மாதத்தில் அந்த மனிதரை நினைத்து நான் சிரித்தது அதுதான் முதல் தடவை. நான் எழுத வேண்டியிருந்தது எது என்று அன்றுதான் தெரிந்தது.

காதலோ மணவாழ்வோ முறிந்து, உள்ளே கோபம் கொதிக்கிறது, அதை எழுத்தாக்க வேண்டும், ஆனால் இதுவரை நகைச்சுவை எழுதிப் பழக்கமில்லை என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். உங்கள் உறவில் அடி, மிரட்டல், பின்தொடர்தல் இருந்தால் முதலில் தேவைப்படுவது எழுத்து அல்ல, துணை. இந்தியாவில் பெண்களுக்கான உதவி எண் 181. மனம் தாங்கவில்லை என்றால் யாராக இருந்தாலும் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ், 14416. அங்கே பேசுங்கள். எழுத்து எங்கும் போய்விடாது.

முதல் படி: கொட்டிவிட்டு மூடி வையுங்கள்

கோபத்தைக் கொட்டித் தீர்ப்பதுதான் எழுத்து என்று பலர் நினைக்கிறார்கள். அது எழுத்துக்கு முந்தைய வேலை; ஆனால் செய்தே ஆகவேண்டிய வேலை. ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், கல்லூரி மாணவர்களைத் தங்களை மிகவும் பாதித்த நிகழ்வைப் பற்றித் தினம் 15 நிமிடம், தொடர்ந்து 4 நாட்கள் எழுதச் சொன்னார்கள். எழுதி முடித்த கையோடு அவர்களுக்கு மனம் இன்னும் கனத்தது. ஆனால் நடந்ததையும் அப்போது உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்த சில மாதங்களில் மருத்துவரிடம் போனது குறைந்திருந்தது.

அந்தக் கணக்கையே வைத்துக்கொள்ளுங்கள். 15 நிமிடம், 4 நாள். கெட்ட வார்த்தை வந்தால் வரட்டும். நோட்டில் எழுதுங்கள், போனில் வேண்டாம். போனில் எழுதினால் அனுப்பும் பொத்தான் கட்டைவிரலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஐந்தாம் நாள் நோட்டை மூடி, துணிக்கு அடியில் வைத்துவிடுங்கள்.

ஏன் நிறுத்தச் சொல்கிறேன்? கோபத்தைத் திரும்பத் திரும்பக் கிளறினால் அது வளர்கிறது. பிராட் புஷ்மன் 2002இல் வெளியிட்ட சோதனை ஒன்றில், தம்மைக் கோபப்படுத்தியவரை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தியவர்களுக்குக் கோபம் கூடியிருந்தது. ஒன்றும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்த அளவு கோபம் இல்லை. என் இரண்டாவது நோட்டு முழுக்க அப்படிப்பட்ட குத்துகள்தான்.

இரண்டாம் படி: காத்திருங்கள்

2012 அக்டோபரில் அமெரிக்காவைத் தாக்கிய சாண்டி புயலைப் பற்றிய கேலிப் பதிவுகளை வெவ்வேறு நாட்களில் மக்களிடம் காட்டி, எவ்வளவு சிரிப்பு வருகிறது என்று பீட்டர் மெக்ரா என்ற ஆய்வாளரின் குழு கேட்டுப் பார்த்தது. அழிவு தெரியத் தெரியச் சிரிப்பு வற்றிப்போனது. பிறகு ஏறி, ஏறக்குறைய 36ஆம் நாளில் உச்சத்தைத் தொட்டது. அதன்பின் இறங்கியது. மிக அருகில் இருந்தால் வலிக்கிறது, ரொம்பத் தள்ளிப் போய்விட்டால் யாருக்கும் பொருட்டில்லை.

நான்கு வருடப் பழக்கத்துக்கு 36 நாள் போதாது. நான் வைத்திருக்கும் சோதனை வேறு: நடந்ததை நெருங்கிய ஒருவரிடம் குரல் உடையாமல் முழுதாகச் சொல்ல முடிகிறதா? முடிந்தால் தொடங்கலாம். முடியவில்லையென்றால் இன்னொரு மாதம் போகட்டும்.

மூன்றாம் படி: சில்லறையைப் பொறுக்குங்கள்

இந்த வழிகாட்டியின் உயிர் இந்தப் படியில்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். துரோகம் யாரையும் சிரிக்க வைக்காது. எல்லாருடைய துரோகமும் ஒன்று போலவே இருக்கும். 85 ரூபாய் ஒருவனுடையது மட்டும்தான்.

குறுந்தொகையின் 8ஆம் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆலங்குடி வங்கனார் பாடியது. தன்னிடம் வந்து பழகிவிட்டு மனைவியிடம் திரும்பிப் போன ஒருவனைப் பற்றி, அவன் விட்டுப்போன பெண் பேசுகிறாள். மனைவி தன்னைப் பற்றிப் புறம் பேசினாள் என்று கேள்விப்பட்டு, மனைவியின் தோழிகள் காதில் விழும்படி சொல்கிறாள்:

கழனி மாஅத்து விளைந்துகு தீம்பழம்
பழன வாளை கதூஉம் ஊரன்
எம்மிற் பெருமொழி கூறித் தம்மிற்
கையும் காலும் தூக்கத் தூக்கும்
ஆடிப் பாவை போல
மேவன செய்யும்தன் புதல்வன் தாய்க்கே.

எங்கள் வீட்டில் பெரிய பேச்சு பேசினான். அவன் வீட்டிலோ, நாம் கையைத் தூக்கினால் கையைத் தூக்கி, காலைத் தூக்கினால் காலைத் தூக்கும் கண்ணாடிப் பிம்பம் மாதிரி, மகனின் அம்மா விருப்பப்பட்டதை எல்லாம் செய்கிறான். இவ்வளவுதான் அவள் சொல்வது. ஏமாற்றினான் என்று சொல்லவில்லை, கெட்டவன் என்று சொல்லவில்லை. கண்ணாடி முன்னால் நின்று கையைக் காலைத் தூக்கும் ஓர் ஆளை நம் கண்முன் நிறுத்திவிட்டுப் போய்விடுகிறாள். ஏறத்தாழ இரண்டாயிரம் வருடமாக அவன் அந்தக் கண்ணாடிக்குள்ளேயே கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். முதல் இரண்டு வரியையும் விட்டுவிடாதீர்கள். மாமரத்துப் பழம் தானாகக் கனிந்து விழுகிறது, குளத்து வாளைமீன் வாயைத் திறந்தால் போதும். அவன் ஊரில் எதற்கும் யாரும் உழைக்க வேண்டியதில்லை என்பதை ஊர் வருணனைக்குள்ளேயே ஒளித்து வைத்துவிட்டாள்.

இதே வேலையைக் கடல் கடந்து இன்னொரு பெண் 1983இல் செய்தார். நோரா எஃப்ரான் இரண்டாவது குழந்தையைச் சுமந்துகொண்டிருந்தபோது, கணவரும் பத்திரிகையாளருமான கார்ல் பெர்ன்ஸ்டீனின் வேறு உறவு தெரியவந்தது. அதை அவர் பெயர்களை மாற்றி 'ஹார்ட்பர்ன்' என்ற நாவலாக எழுதினார். கதை சொல்பவள் சமையல் புத்தகம் எழுதுகிறவள். அழுகைக்கு நடுவே சமையல் குறிப்புகள் வருகின்றன. அவள் சாலட்டுக்குச் செய்யும் வினிகர் எண்ணெய்க் கலவை கணவனுக்கு உயிர். அந்தச் செய்முறையை மட்டும் அவனுக்குச் சொல்லித் தராமல் வைத்திருக்கிறாள். மற்றவளிடம் இல்லாத ஒரே பொருள் அதுதான் என்று நம்புகிறாள். மணவாழ்வின் முழு முறிவும் ஒரு கிண்ணம் கலவைக்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறது.

நீங்கள் செய்ய வேண்டியது: ஒரு தாளில் இருபது சின்ன விஷயங்களை எழுதுங்கள். கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது, கையால் தொட்டது மட்டும். "என்னை மதிக்கவில்லை" என்று எழுதாதீர்கள். எப்படி மதிக்கவில்லை? நீங்கள் பேசும்போது டிவி சத்தத்தைக் குறைக்காமல் சப்டைட்டிலைப் போட்டாரா? அதை எழுதுங்கள். தொகை, நேரம், பொருளின் நிறம், சொன்ன வாக்கியம் ஆகியவற்றை அப்படியே எழுதுங்கள். என் பட்டியலில் சில: 85 ரூபாய். "நாளைக்குப் பேசலாம்" என்று சொல்லிச் சொல்லி வராமலே போன நாளைகள். திருப்பிக் கேட்ட ஹெல்மெட். என் பிறந்தநாளை மறந்துவிட்டு, தன் வண்டி வாங்கிய நாளுக்கு ஸ்டேட்டஸ் வைத்தது.

இருபதில் பதினைந்து தேறாது. தேறுகிற ஐந்து போதும்.

நான்காம் படி: சிரிப்பு எங்கிருந்து வருகிறது?

தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் தெரியும் உணர்ச்சிகளை, வரிசைப்படுத்தும்போது நகையை, அதாவது சிரிப்பை, முதலில் வைத்து, அழுகையை அதற்கு அடுத்து வைக்கிறது. வெகுளி, அதாவது கோபம், ஏழாவதாக வருகிறது. நகை எதனால் பிறக்கும் என்பதற்கு "எள்ளல் இளமை பேதைமை மடன்" என்று நான்கு காரணம் சொல்கிறது. புதிதாக எழுதுகிறவர்களுக்கு இதைவிட நல்ல கருவிப்பெட்டி எனக்குத் தெரியாது.

எள்ளல் என்றால் இகழ்ச்சி, இன்றைய பேச்சில் கலாய்ப்பது. கோபத்தோடு எழுத உட்காருகிற எல்லாரும் இதை மட்டுமே எடுக்கிறார்கள். நான்கு வரியில் தீர்ந்துவிடும். இளமை என்றால் சிறுபிள்ளைத்தனம். வண்டிக்குப் பிறந்தநாள் கொண்டாடுகிறவர் அந்த வகை. அங்கே இகழ்ச்சி தேவையே இல்லை, கேக்கில் என்ன எழுதியிருந்தது என்று சொன்னால் போதும். பேதைமை அறியாமை. கடைசியாக மடன். சொல்லிக் கொடுத்ததை அப்படியே பிடித்துக்கொண்டு விடாமல் இருப்பது என்று உரையாசிரியர்கள் இதை விளக்குகிறார்கள். "நாளைக்குப் பேசலாம்" என்றதும், மறுநாள் காலை ஆறு மணிக்கே போனைச் சார்ஜ் போட்டுத் தயாராக உட்கார்ந்திருப்பது மடன்.

கவனித்தீர்களா? மடன் பெரும்பாலும் எழுதுகிறவர் பக்கம்தான் இருக்கும். அதனால்தான் கதைக்குள் உங்களையும் வைக்கச் சொல்கிறேன். அவர் மட்டுமே முட்டாளாக வருகிற எழுத்தில், "அப்புறம் ஏன் நான்கு வருடம் கூட இருந்தாய்?" என்று வாசகர் மனதுக்குள் கேட்பார். நம்பியவரும் அங்கே இருந்தால் அந்தக் கேள்வி எழாது. வாசகர் தன்னையே அங்கே பார்ப்பார். நம்பியது அவமானம் இல்லை. அன்பு வைத்த எல்லாரும் செய்வதுதான்.

ஐந்தாம் படி: ஒரு சட்டையை இரவல் வாங்குங்கள்

வெறுமனே "என் கதை" என்று தொடங்கினால் பழைய நோட்டின் குரல் திரும்ப வந்துவிடும். அதைத் தடுக்க எளிய வழி, ஏற்கெனவே இருக்கிற ஒரு வடிவத்துக்குள் கதையைப் போடுவது. காணவில்லை அறிவிப்பு, மணமகன் தேவை விளம்பரம், பழைய வண்டி விற்பனைக்கு, கல்யாண மொய்க் கணக்கு, அலுவலகக் கடிதம் என எது வேண்டுமானாலும் எடுக்கலாம். வடிவம் எவ்வளவு உணர்ச்சியற்றதோ அவ்வளவு நல்லது. கடிதம் அமைதியாகப் பேசப் பேச, அடியில் இருக்கும் வலி தானாகத் தெரியும். என் பட்டியலில் தேறியவற்றை அரசு அலுவலகத்தில் பொறுப்பு ஒப்படைக்கும் குறிப்பாக எழுதியபோது இப்படி வந்தது:

பொருள்: பொறுப்பு ஒப்படைத்தல் – தொடர்பாக.
பார்வை: 1. மேற்படியாரின் வாய்மொழி உத்தரவு, ஞாயிறு, மாலை 6.40. 2. மேற்படியாரின் ஜிபே கோரிக்கை, ரூ.85, அதே நாள், மாலை 7.10.
பார்வை 1இன்படி நான் நான்கு ஆண்டு காலப் பொறுப்பிலிருந்து முன்னறிவிப்பின்றி விடுவிக்கப்பட்டேன். பார்வை 2இல் கண்ட தொகை அன்றே செலுத்தப்பட்டது. என் தரப்பில் நிலுவை ஏதும் இல்லை. கீழ்க்கண்ட பொருட்கள் நல்ல நிலையில் ஒப்படைக்கப்படுகின்றன: ஹெல்மெட் 1 (கண்ணாடியில் கீறல் உள்ளது). 'நாளைக்குப் பேசலாம்' 212 (அனைத்தும் பயன்படுத்தப்படாதவை). மேற்படியாரின் வண்டிக்கு ஆண்டுதோறும் பிறந்தநாள் கொண்டாடப்பட வேண்டும் என்பது, அடுத்துப் பொறுப்பேற்பவரின் கனிவான கவனத்துக்குக் கொண்டுவரப்படுகிறது.

இதில் ஒரு வசைச்சொல்கூட இல்லை. "மேற்படியார்" என்ற மரியாதையே வேலையைச் செய்கிறது. நம் மொழியில் இதற்கு வஞ்சப் புகழ்ச்சி என்று பழைய பெயர் உண்டு. "தேவர் அனையர் கயவர்" என்று வள்ளுவர் 1073ஆம் குறளைத் தொடங்குவார். கயவரும் தேவரும் ஒன்று, "அவரும்தாம் மேவன செய்தொழுக லான்", இருவருமே நினைத்ததைச் செய்து திரிகிறார்கள். குறுந்தொகையில் வந்த அதே "மேவன செய்" இங்கேயும் வருகிறது. அங்கே அடங்கிப்போகிறவனுக்கு, இங்கே அடங்காதவனுக்கு. வசை பாடுவதற்கே பேர் போன காளமேகம்கூட, தண்ணீர் மோரைத் திட்டாமல் பாராட்டத்தான் செய்கிறார்: வானத்தில் கார் என்று பேர் வாங்கினாய், தரையில் விழுந்து நீர் என்று பேர் வாங்கினாய், ஆய்ச்சியர் கைக்கு வந்து மோர் என்றும் பேர் வாங்கினாய், முப்பேரும் பெற்றாயே!

உங்கள் வரைவில் திட்டு வருகிற இடத்தையெல்லாம் பாராட்டாக மாற்றி ஒருமுறை எழுதிப் பாருங்கள். பாதியாவது முன்னைவிடக் கூர்மையாகும்.

ஆறாம் படி: வாக்கியத்தின் வால்

சிரிப்பு வாக்கியத்தின் கடைசிச் சொல்லில் வெடிக்க வேண்டும். அதற்குப் பிறகு இரண்டு சொல் தொங்கினாலும் நமத்துவிடும். தமிழில் வினை இயல்பாகவே கடைசியில் வருவதால் பாதி வேலை நமக்கு மிச்சம். "எனக்காக மழையில் இரண்டு மணி நேரம் காத்து நின்றதாக அவன் சொன்னதை நான் நம்பினேன்" என்பதில் கடைசிச் சொல் வரும்வரை வாக்கியம் எந்தப் பக்கம் சாயும் என்று தெரியாது.

வெடிக்க வேண்டியது பெயர்ச்சொல் என்றால் வினையை முன்னால் தள்ளுங்கள். குறுந்தொகைப் பெண் அதைத்தான் செய்கிறாள். "மேவன செய்யும்" என்று வினையை முடித்துவிட்டு, யாருக்கு என்பதைக் கடைசியில் போடுகிறாள்: "தன் புதல்வன் தாய்க்கே". மனைவிக்கு என்றுகூடச் சொல்லவில்லை, மகனின் அம்மாவுக்கு என்கிறாள். அந்தக் கடைசி மூன்று சொல்லை வரியின் நடுவில் வைத்து வாசித்துப் பாருங்கள், பாட்டு படுத்துவிடும்.

பேச்சை எழுதும்போது அவர் பேசியபடியே எழுதுங்கள். மதுரைக்காரர் என்றால் மதுரை, யாழ்ப்பாணம் என்றால் யாழ்ப்பாணம். "நம் இருவருக்கும் பொருத்தம் அமையாது" என்று திருத்தி எழுதினால் ஆள் காணாமல் போய்விடுவார்.

ஏழாம் படி: எதை எடுக்க வேண்டும்

நிறம், உடல், திக்கிப் பேசுவது, சாதி, குடும்பத்தின் வறுமை ஆகியவை ஒரு வரியில் இருந்தாலும் எடுத்துவிடுங்கள். அவற்றை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. அவர் தேர்ந்தெடுத்துச் செய்ததைப் பற்றி மட்டும் எழுதுங்கள். அவருடைய புதிய துணையையும் விட்டுவிடுங்கள். நாளை அவருக்கும் ஒரு 85 ரூபாய்க் கோரிக்கை வரலாம்.

ஆளையும் மறைக்க வேண்டும். பெயரை மாற்றினால் மட்டும் போதாது. ஊர், வேலை, வீட்டில் எத்தனை பேர் என்று குறைந்தது மூன்றையாவது மாற்றுங்கள். இது நல்ல மனதுக்காக மட்டும் அல்ல. இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவின்கீழ் அவதூறு குற்றம். இரண்டு ஆண்டு வரை வெறுங்காவல், அபராதம், சமூக சேவை என்று தண்டனை உண்டு. "நடந்ததைத்தானே எழுதினேன்" என்பது மட்டும் காப்பாற்றாது. அது உண்மையாகவும் இருக்க வேண்டும், பொது நன்மைக்காகவும் இருக்க வேண்டும். அவருடைய செய்திகளின் ஸ்க்ரீன்ஷாட்டையும் படங்களையும் சேர்க்கவே வேண்டாம். அந்தரங்கப் படங்களை வெளியிடுவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் தனியாகவே தண்டனை இருக்கிறது.

எழுதியதை அவருக்கு அனுப்பவும் வேண்டாம். அவர் படிக்க வேண்டும் என்ற ஆசை கொஞ்சம் மிச்சமிருந்தாலும், இரண்டாம் படிக்குத் திரும்பிப் போங்கள்.

எட்டாம் படி: ஒருவர் முன்னால் வாசியுங்கள்

நடந்தது முழுவதும் தெரிந்த தோழி வேண்டாம், அவள் உங்களுக்காகச் சிரிப்பாள். பாதி தெரிந்தவர் நல்லது. சத்தமாக, வேகமில்லாமல் வாசியுங்கள். பென்சிலை வைத்துக்கொண்டு, அவர் சிரித்த இடத்தில் ஒரு கோடு, முகம் சுளித்த இடத்தில் ஒரு கோடு. எங்கே "ஐயோ பாவம்" என்று சொன்னாரோ அங்கே இன்னும் நோட்டின் குரல் மிச்சமிருக்கிறது, அந்த வரியைத் திரும்ப எழுத வேண்டும். விளக்கம் சொல்லாதீர்கள். சிரிக்காத இடத்தைப் பற்றி வாதாடாதீர்கள்.

பொறுப்பு ஒப்படைப்புக் குறிப்பை நான் அலுவலகத்தில் பக்கத்து இருக்கை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். 85 ரூபாய்க்குச் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன், சிரித்தார். வண்டிக்கும் சிரித்தார். பிறகு, "அந்த ஹெல்மெட்ல கீறல் எப்படிம்மா விழுந்துச்சு?" என்று கேட்டார்.

சொன்னேன். ஒரு மழை நாளில் பல்லாவரம் பக்கம் வண்டி சறுக்கி இருவரும் விழுந்தோம். எழுந்ததும் அவன் வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாலையிலேயே உட்கார்ந்து என் முழங்காலைத்தான் பார்த்தான்.

அன்று இரவு அந்த வரியைத் திருத்தினேன். ஹெல்மெட் 1. கண்ணாடியில் கீறல் உள்ளது. கீறல் விழுந்த நாளன்று மேற்படியாரின் நடத்தை: நன்று.